பெரிய வெள்ளியில் குளித்தால்

"வெள்ளிக்கிழமை யாரும் கடல்ல இறங்கக் கூடாது. இறங்குறதா இருந்தா என் வண்டி வராது."

சாப்பாட்டு மேஜையில் அம்பாரோ இப்படிச் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேஜை முழுக்க அவள் தம்பி எலியாசர் எழுதி வைத்த பட்டியல்கள். கூடாரம் இரண்டு, ஐஸ் பெட்டி ஒன்று, கயிற்றுத் தொட்டில் மூன்று, அலைச்சறுக்குப் பலகை இரண்டு. ஒரு மாதமாக அவனுக்கு இதே வேலை.

"ஏன்க்கா?"

"பெரிய வெள்ளியன்னைக்குக் குளிச்சா மீனாப் போயிடுவோம். அம்மா சொல்லுவாங்கல்ல?"

எலியாசர் முதலில் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவனுக்குச் சுருக்கென்றது.

"நீ உயிரியல் டீச்சர். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஊரே கறியை விட்டுட்டு நோன்பு இருக்கிற வெள்ளிக்கிழமையில தெருமுனையில நின்னு பன்னிக்கறி தாக்கோ திங்கிறவ நீ. போன வாரம்கூட என் கண்ணால பார்த்தேன்."

"அது வேற, இது வேற."

"என்ன வேற? வருஷா வருஷம் அன்னைக்குக் கடற்கரை கொள்ளாம ஜனம் குளிக்குது. மறுநாள் சந்தையில மீன் விலை குறைஞ்சிருக்கா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு வீடே சிரித்திருக்கும். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எலியாசரின் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவர்கள் ஊரான உருவாபானிலிருந்து கடலுக்கு ஐந்து மணி நேரம். அவகாடோ கிடங்கில் வியாழக்கிழமை மதியத்துக்கு மேல்தான் அவனை விடுவார்கள். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினால்தான் மறுபடி வேலைக்குப் போய்ச் சேரலாம். நடுவில் இருப்பது அந்த ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. பதின்மூன்று வயது மகள் ரெனாத்தாவை அலை மேல் நிற்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கனவு கண்டுகொண்டிருக்கிறான். அவளுக்கென்று புதுப் பலகையும் வாங்கியாயிற்று. ஆனால் பிக்கப் வண்டி அக்காவுடையது. அது இல்லாமல் இத்தனை சாமானும் போகாது.

"சரி, உனக்குப் பயமா இருந்தா நீ கரையில உட்கார்ந்து ஜெபமாலை உருட்டு. நானும் ரெனாத்தாவும் இறங்குறோம்."

"நீ எப்படியோ போ. ரெனாத்தா இறங்கக் கூடாது. இறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு, சாவியை இப்பவே தர்றேன்."

"எம் பொண்ணு இறங்கணுமா வேண்டாமான்னு சொல்ல நீ யாரு?"

"மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்றாள் அவன் மனைவி நொயெமி.

"கேக்கட்டும்! டீச்சரம்மா பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடத்துறாங்கன்னு ஊருக்கும் தெரியட்டும்!"

எலியாசர் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். ரொட்டி இனிப்பு இருந்த கிண்ணம் கவிழ்ந்து, பட்டியல் மேலெல்லாம் வெல்லப்பாகு வழிந்தது. ரெனாத்தா ஒரு துணியை எடுத்து, குனிந்த தலை நிமிராமல் துடைக்க ஆரம்பித்தாள்.

"நீயே சொல்லு ரெனாத்தா. இந்தக் கட்டுக்கதையை நீ நம்புறியா?"

அவள் அத்தையைப் பார்த்தாள். "நம்புறேன்பா" என்றாள். பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போய்விட்டது.

"பார்த்தியா? பிள்ளை மனசையும் கெடுத்து வச்சிருக்கே!" எலியாசர் அக்கா பக்கம் திரும்பினான். கோபத்தில் அவனுக்குக் கண்மண் தெரியவில்லை. "தனக்குன்னு ஒண்ணு பெத்திருந்தாத்தானே அடுத்தவன் பிள்ளையோட சந்தோஷம் தெரியும்? உனக்கு எங்கே தெரியப்போகுது?"

"ஐயோ, என்ன பேச்சு இது!" என்று நொயெமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்பாரோவின் முகம் வெளுத்துவிட்டது. ரெனாத்தாவை ஒரு தரம் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் பத்தாம்பசலிதான்டா. அப்படியே வச்சுக்க. அவ தண்ணியில இறங்கக் கூடாது, அவ்வளவுதான்."

"போ! இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே!"

"அத்தையைத் திட்டாதீங்க!"

கத்தியது ரெனாத்தா. அவள் குரல் இவ்வளவு உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"வேண்டாம்டி கண்ணு" என்றாள் அம்பாரோ.

"இல்லத்தை, சொல்லிடறேன். மீனு கீனு எல்லாம் அத்தை எனக்காகச் சொன்ன பொய்ப்பா. போன வருஷம் அலை என்னைப் புரட்டி அடியில அமுக்கிடுச்சு. அதுலேருந்து கடல்னாலே எனக்குப் பயம். நான்தான் அத்தைகிட்ட அழுதேன்."

பெற்றவனான தன்னிடம் சொல்லாமல் அத்தையிடம் போய் அழுதிருக்கிறாளே என்று அதற்கும் எலியாசருக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன், அதை என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன கேடு?" என்று கத்தினான்.

ரெனாத்தா ஓரடி பின்னால் நகர்ந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்டச் சொல்றதுக்கு அதைவிடப் பயமா இருந்ததுப்பா."