மூன்றாவது ஆள்

காலி நாற்காலியைக் காலி நாற்காலியாகவே பார்க்கும் தெளிவு எங்கள் விடுதி அறையில் எனக்கு மட்டுமே வாய்த்திருந்தது. அறைத்தோழன் ஜெபசிங்குக்கு அது இயேசுவின் இருக்கை. தினமும் காலையில் அதைத் தன் துண்டால் துடைத்துவிட்டு எதிரே அமர்வான். அன்றைய தேர்வு முதல் அம்மாவின் முட்டுவலி வரை எல்லாவற்றையும் சொல்வான்.

"ஒங்க ஆண்டவரக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுல, சட்டையக் காயப்போடணும்" என்பேன். சிரித்துக்கொண்டே என் சட்டையைக் கொடியில் மாற்றிப்போடுவான்.

ஒருநாள் விளையாட்டாக அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தேன்: 'பதினாலாம் அறையில் அனுமதியில்லாமல் மூன்றாவது ஆள் தங்கியிருக்கிறார்.'

வார்டன் வந்துவிட்டார். "பலகையில இருக்கது உண்மையால?"

ஜெபசிங்குக்குப் பொய் வராது. "ஆமா சார். இயேசப்பா இருக்காரு."

"எங்கிட்டயே கிண்டலா? பெட்டியக் கட்டு."

எழுதியவன் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கொடியிலிருந்த என் சட்டையை மடித்துவைத்துவிட்டுத்தான் போனான்.

அடுத்த வாரம் அறைக்கு வந்த புதியவன் அந்த நாற்காலியில் பையை வைக்கப் போனான்.

"அதுல வேண்டாம்" என்றேன்.

"ஏன், ஆள் இருக்காண்ணே?"

என் துண்டை எடுத்து, நாற்காலியின் கைப்பிடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.