மார்ச் விருந்தாளிகள்

“நான் ஆடமாட்டேன் சார்!” இரவல் வாங்கிய பட்டுப்பாவாடையை அபிநயா வீசி எறிந்தாள்.

“வாயை மூடு. உனக்குச் சோறு போடறதே அவங்கதான்!” என்று சீறினார் விடுதி வார்டன் பிரேம்நாத்.

காஞ்சிபுரத்தின் அந்த சர்ச் விடுதிக்கு ஆண்டுதோறும் ஒரு வாரம் சேவை செய்ய வரும் அமெரிக்கக் குழு, ஐந்து நாட்களாகப் பிள்ளைகளை ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கவில்லை. பொம்மலாட்டம், பலூன், போட்டோ. இன்று நிறைவு விழா.

அபிநயா ஆடினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“அந்தப் பெண் ஏன் முறைக்கிறாள்?” என்று கேட்டார் குழுத் தலைவி ஷெரில்.

“கூச்சம், மேடம்.”

ஷெரில் மைக்கைப் பிடித்துப் பேச, பிரேம்நாத் மொழிபெயர்த்தார். “நம்ம விடுதியில பத்தாவது எழுதறவங்க வருஷா வருஷம் ஃபெயில் ஆகறதைக் கேட்டு மேடம் அழுதுட்டாங்க. உங்களுக்கு உதவ, அடுத்த மார்ச்ல ரெண்டு வாரம் தங்கப்போறாங்க!”

கைதட்டலை மீறி அபிநயா மேடையிலிருந்தே கத்தினாள்.

“வரவே வேணாம்னு சொல்லுங்க சார்! போன வருஷமும் கணக்குப் பரிட்சைக்கு மொத நாளு இப்படித்தான் ஆடிக்கினு இருந்து ஃபெயிலானேன். நாளைக்கும் கணக்குதான்!”

“என்ன சொல்கிறாள்?” ஷெரில் ஆவலோடு கேட்டார்.

“மூன்று வாரம் தங்கச் சொல்கிறாள், மேடம்.”