கையால் கற்போம்

"பயப்படாத கண்ணு. இன்னொருக்கா சொல்லு."

முத்துப்பேச்சி மறுபடியும் ஒப்பித்தாள். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஆராய்ச்சி. எல்லாம் எங்கள் கையாலேயே செய்கிறோம். துணியில் சாயம் எவ்வளவு நிற்கிறது என்று நாங்களே அளக்கிறோம்.

வேதியியல் பேராசிரியர் திருமூர்த்தி தலையாட்டினார். தெற்கேயிருந்து பிழைக்க வந்த பனியன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை விஞ்ஞானி ஆக்குவதற்கென்றே அவர் நடத்தும் திட்டம்தான் 'கையால் கற்போம்'. சுவரில் தொங்கிய பேனரில் அவர் ஆளுயரத்துக்குச் சிரித்தார். மாணவிகள் மூவரும் கீழ் ஓரத்தில், ஸ்டாம்ப் அளவில்.

திட்டத்தைத் தொடரலாமா என்று பார்க்க இன்று சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். அதனால் காலையில்தான் சாயம் அளக்கும் கருவியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார்கள். புது வெள்ளைக் கோட்டுகளில் பார்த்து, அளவாகக் கொஞ்சம் சாயம் தெளித்தார்கள்.

"அவங்க திருப்தியாப் போகலீன்னா திட்டத்தை மூடிருவாங்க கண்ணு. இலவச ஹாஸ்டலும் போயிரும். அப்புறம் நீயும் உங்கம்மாகூட பனியன் கம்பெனிக்குப் பிசிறு நூல் வெட்டப் போகோணும். யோசிச்சுக்க," என்றார் திருமூர்த்தி, மிகுந்த பாசத்தோடு.

முத்துப்பேச்சி முந்தின இரவே அறைத்தோழி நதியாவிடம் புலம்பியிருந்தாள். "பயந்துட்டேன்னா மனப்பாடம் பண்ணது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்பிருதுட்டி எனக்கு." நதியா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தூங்கச் சொல்லிவிட்டாள்.

அதிகாரி அனுசுயா பதினோரு மணிக்கு வந்தார். இந்தத் திட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி இதழில் வந்த கட்டுரை ஒன்றைத் திருமூர்த்தி எடுத்துக் காட்டினார். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது, பெங்களூரில் படிக்கும் அவர் மகன் ரித்தீஷ். மாணவிகளுக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்.

சனி, ஞாயிறுகூட இந்தப் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை, வேன் வைத்து ஊரோரத்து நெருப்பெரிச்சல் பகுதிக்குக் களப்பணிக்கு அனுப்புகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். முத்துப்பேச்சியைக் கையை நீட்டச் சொன்னார். கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது.

"பாருங்க மேடம். புஸ்தகத்தைப் பொரட்டுற கை இப்படிக் காய்க்குங்களா? அத்தனையும் ஆராய்ச்சிங்க."

அனுசுயாவின் முகம் இளகியது. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். திருமூர்த்தி சார் பதிலோடு எழுதிக் கொடுத்திருந்த பத்துக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

"தைரியமா சொல்லும்மா. உனக்கு எல்லாம் வசதியா இருக்கா? ஏதாவது கஷ்டம் உண்டா?"

முத்துப்பேச்சி மனப்பாடம் பண்ணியதில் இந்தக் கேள்வி இல்லை. தொண்டைக்கு எது முதலில் வந்ததோ அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கஷ்டமும் இல்ல மேடம். எட்டு மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் கிடையாது. எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிருச்சு. பாத்ரூம் போகணும்னா உடனே விடுதாங்க."

திருமூர்த்தியின் சிரிப்பு பேனரில் இருந்ததைப் போலவே அசையாமல் நின்றது.

"இதெல்லாம் யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" அனுசுயா மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் தன் தவறு முத்துப்பேச்சிக்கு உறைத்தது. அழுகையோடு பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிருங்க சார், மாத்திச் சொல்லிட்டேன். இது போன ஞாயித்துக்கிழமை, உங்க வீட்டு பனியன் கம்பெனியில நாங்க பிசிறு வெட்டிட்டு இருக்கும்போது, வெளிநாட்டு ஆடிட்காரங்க வந்து கேட்டா சொல்லச் சொன்னதுல்லா?"