முன் கொக்கி

"அந்த வளையத்துல நான் கயித்த மாட்ட மாட்டேன்" என்றாள் நெரிடா.

பிராடிக்குச் சுர்ரென்றது. போன மாதம் வாங்கிய பிக்கப். பின் சக்கரம் இரண்டும் ஈர மணலில் அச்சு வரை இறங்கிக் கிடந்தன. மூக்கு மணல்மேட்டைப் பார்த்திருக்க, வால் பக்கம் கடல் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரத்தில் அந்தக் கடற்கரையில் வந்த ஒரே வண்டி இவளுடையதுதான். அதே மாடல் பிக்கப், ஆனால் பழசு.

"ஏன், அதுக்கு என்ன குறை? இழுக்கறதுக்குன்னுதானே வெச்சிருக்கான். சிவப்பு பெயிண்ட் வேற அடிச்சிருக்கு."

அவள் மணலில் மல்லாந்து படுத்து, முன் பம்பருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள்.

"பெயிண்ட் யார் வேணா அடிக்கலாம். இது கப்பல்ல ஏத்திட்டு வரும்போது வண்டி ஆடாம கட்டி வைக்கற வளையம். புதைஞ்ச வண்டிய இதுல கட்டி இழுத்தா பிச்சுக்கிட்டுப் பறந்து வரும். யார் மேல அடிக்கும்னு சொல்ல முடியாது. சேஸிஸ்ல போல்ட் போட்டு இறுக்கின கொக்கி வேணும். உங்க வண்டில முன்னால அப்படி ஒண்ணுமே இல்ல."

"பின்னால இருக்கு."

"பின்னால கடலும் இருக்கு. நான் எங்க நின்னு இழுக்கறது?"

மேட்டில் இரண்டு பெண் குழந்தைகளோடு நின்றிருந்த டாம்சினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்டாட்டி சிரித்ததில் பிராடிக்கு இன்னும் ஏறியது.

நெரிடா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "கொஞ்ச நேரம் குடுங்க. முடியுமான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மேட்டோரம் நின்ற தன் வண்டிக்குப் போனாள். டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் சுற்றிப்போய் அடியில் நுழைந்துவிட்டாள். இங்கிருந்து பார்த்தால் மண் ஒட்டிய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அப்புறம் ஸ்பேனர் சத்தம்.

பிராடி மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டினான். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிக் குழியை மூடியது. ஒரு அலை வந்து பின் கதவை நனைத்துவிட்டுப் போனது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. டக், டக். நடுவில் அவள் ஏதோ முனகுவது கேட்டது.

"அந்தம்மா வண்டியில என்னவோ கோளாறு போல" என்றாள் டாம்சின்.

"கோளாறு வண்டியில இல்ல."

பொறுக்க முடியாமல் அவனுடைய கயிற்றையே எடுத்துவந்து அந்தச் சிவப்பு வளையத்தில் மாட்டினான். மறுமுனையை இழுத்துக்கொண்டு அவளுடைய வண்டி வரைக்கும் போனான்.

"என் வண்டி முழுகிட்டிருக்கு. நீங்க இங்க படுத்து உங்க வண்டிய ரிப்பேர் பாக்கறீங்க."

"இன்னும் ஒரு போல்ட்" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

"உதவ மனசில்லேன்னா அப்பவே சொல்லிட்டுப் போயிருக்கலாமே. வளையம், சேஸிஸ்னு எதுக்கு இத்தனை கதை? உங்க வண்டிக்கு ஒரு கீறல் விழுந்துடக் கூடாது, அதானே? பொம்பளைங்க வண்டி எடுத்துக்கிட்டு இந்தப் பக்கமெல்லாம் வந்தா இப்படித்தான்."

"பிராடி, போதும்" என்றாள் டாம்சின்.

ஸ்பேனர் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அவள் வெளியே வந்தபோது முழங்கை வரை கிரீஸ். விரல் முட்டியெல்லாம் உரிந்து ரத்தம் கசிந்தது. முதல் வேலையாக அவன் மாட்டிய கயிற்றைக் கழற்றிச் சுருட்டி ஓரமாகப் போட்டாள்.

அப்புறம்தான் அவள் மணலில் வைத்திருந்ததைப் பார்த்தான். கனமான இரும்புக் கொக்கிகள், இரண்டு.

"உங்களுதும் என்னுதும் ஒரே மாடல். அதனால என் வண்டியோட முன் கொக்கி உங்களுதுக்கு அப்படியே பொருந்தும்" என்றாள். "துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, கழலுமான்னு தெரியல. அதான் முன்கூட்டியே சொல்லல."

பிராடி அவளுடைய வண்டியின் வெறும் முன்பக்கத்தைப் பார்த்தான்.

"வந்து பிடிங்க. தனியா இறுக்க முடியாது."

இரண்டு பேரும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, கொக்கிகளைச் சேஸிஸில் வைத்து முடுக்கினார்கள். அலை அவனுடைய முதுகுக்கு அடியில் வந்து போனது. அவள் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். இறுக்கச் சொன்ன இடத்தில் இறுக்கினான். அவள் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பவில்லை.

"பிள்ளைங்கள இன்னும் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க. கயித்துக்கு நேரா யாரும் நிக்கக் கூடாது" என்று டாம்சினிடம் சொல்லிவிட்டு, கயிற்றை இரண்டு கொக்கிக்கும் பங்கிட்டு மாட்டி, தன் வண்டியின் பின்பக்கத்தில் கட்டி இழுத்தாள். முதல் இழுப்பில் வண்டி அசைந்தது. இரண்டாவதில் மேலே வந்துவிட்டது.

பிராடி உடனே ஸ்பேனரோடு குனிந்தான். "இருங்க, கழட்டித் தந்துடறேன்."

"இப்ப வேணாம், தண்ணி ஏறுது. எல்லாரும் தங்கற அந்த முகாம் போய்ச் சேர்ற வரைக்கும் இதைவிட மோசமான மணல். உங்க கூட குழந்தைங்க இருக்கு. அங்க போய்க் கழட்டிக்கலாம்."

"அதுவரைக்கும் உங்க வண்டில முன்னால ஒண்ணும் இல்லையே." மணலைப் பார்த்தபடியே கேட்டான். "வழியில நீங்க மாட்டிக்கிட்டா?"

நெரிடா ஸ்பேனர்களைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"அதான் நீங்க பின்னாடியே வர்றீங்களே" என்றாள்.