அடியில் இருந்த முட்டை

மலையாண்டி சொல்லும் அந்தக் கதையில் தலைமையாசிரியர் முத்துகிருஷ்ணனுக்குப் பல வருஷமாகவே சந்தேகம்.

அவருடைய பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்தில் படித்துக் கப்பல் கேப்டனான வேல்ராஜைப் பற்றிச் சினிமாவே வந்துவிட்டது. அதில் ஏழை வேல்ராஜின் மத்தியானச் சோற்றை ஒரு பையன் தினமும் திருடித் தின்பான்.

"அந்தக் களவாணிப்பய நாந்தேன்!" என்று வேல்ராஜோடு படித்த மலையாண்டியே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மலையாண்டியோ திருப்புல்லாணிப் பக்கம் வயலும் கோழியுமாக இருந்த வீட்டுப் பிள்ளை. அவருக்கு எதற்குத் திருட்டு?

பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வேல்ராஜ் வந்தார். மலையாண்டியும் கையில் தூக்குவாளியோடு வந்துவிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. முன்னால உக்காந்தா பிள்ளைக கேலி பண்ணும். கொஞ்சம் பின்னால..." முத்துகிருஷ்ணன் இழுத்தார்.

"அதுக்கென்ன சார்! களவாணிக்கு நாற்காலியா போடுவாக?"

மத்தியானம் விருந்தினருக்கு வாங்கிவைத்த பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். தேடிப் போன முத்துகிருஷ்ணன், ஒரு வகுப்பறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

கடைசி பெஞ்சில் இருவரும் இருந்தார்கள். கேப்டன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையாண்டியின் வாளியை இழுத்தார், திறந்தார், சோற்றுக்குள் கையை நேரே அடிவரைக்கும் விட்டு, அவித்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, இத்தனை வருசம் கழிச்சும் கை கரெக்டா அங்கனதான்லே போகுது!" மலையாண்டி குலுங்கிச் சிரித்தார்.

"மேடையில இன்னைக்கு உண்மையைச் சொல்லிப்புடுறேன்டா."

"சொல்லு. அடுத்த தடவை முட்டை கிடையாது."

கேப்டன் கைகழுவப் போனதும் முத்துகிருஷ்ணன் உள்ளே வந்தார்.

"அண்ணே... திருடுனது அவரா?"

"சத்தமாப் பேசாதீக சார். படக்காரக எங்கிட்டத்தான் கதை கேட்டாக. கதாநாயகன் களவாண்டா நல்லாவா இருக்கும்? ஆளை மாத்திச் சொல்லிட்டேன். படம் வந்த பெறகுதான் அவனுக்கே தெரியும்."

"அப்ப, படிக்கிற காலத்துல நீங்கதான் பட்டினி கிடந்தீங்களா?"

"எனக்கென்ன பட்டினி? நல்லாத் தின்னேன்!"

முத்துகிருஷ்ணன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். சரிந்த சோற்றுக்கு அடியில் இன்னொரு முட்டை வெள்ளையாகத் தெரிந்தது.

நிமிர்ந்து கேட்டார்:

"ஏண்ணே, அவர் எடுப்பாருன்னு தெரிஞ்சேதான் அப்பவும் ரெண்டு முட்டை கொண்டுவந்தீங்களா?"