அட்டையில் போட்ட ஆண்டு

லண்டனில் எங்கள் ஃபங்க் இசைக்குழுவின் சிறந்த பாடல்கள் தொகுப்பாக வரவிருந்தன. மேனேஜர் நைஜல் அட்டையைக் காட்டினான். குழுவின் பெயருக்குக் கீழே '1989–1997' என்றிருந்தது.

"தொண்ணூத்தேழே இன்னும் முடியல. அதுக்குள்ள எங்களுக்குச் சமாதி கட்டுறியா?" டிரம்மர் டெல்ராய் எகிறினான்.

"ரெக்கார்டு கம்பெனி நம்மளக் கழட்டி விடுதா?" என்றேன் நான்.

நைஜல் டீக்கோப்பையையே பார்த்தான். "கம்பெனி போடல."

பாடகன் கார்ல்டன் மட்டும் சிரித்தான்.

"உனக்கென்னடா இளிப்பு? மூணு மாசமா அந்தக் கம்பளித் தொப்பிக்குள்ளயே குடியிருக்க!" என்றான் டெல்ராய்.

"நான்தான்டா போடச் சொன்னேன்."

கார்ல்டன் தொப்பியைக் கழற்றினான். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"தொண்ணூத்தெட்டுன்னு போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். வேணாம்னுட்டாரு."