கெளுத்தியின் குலவழக்கம்

முட்டையிடும் நேரம் நெருங்கிய கெளுத்தி மீன், ஆற்றின் அடியில் குழி பறிக்கத் தொடங்கியது. சேறு பதறியது.

"தோண்டாதே அம்மா! ஆலைகள் விட்ட குரோமியமும் ஈயமும் என் மடியில்தான் கிடக்கின்றன."

"தண்ணீர் சுத்தம் என்று அதிகாரிகள் சோதித்துச் சொன்னார்களே?"

"மேலாக ஒரு குப்பி மொண்டு போனார்கள். என்னை யார் தொட்டார்கள்? ஆலைகளைத் தாண்டி, நீர் வரும் பக்கம் போய்விடேன்."

"போய்ப் பார்த்தேன். அணை மறிக்கிறது. வயிறும் பொறுக்காது. உன்னை விட்டால் எனக்கு எது இடம், சொல்லு?"

பதில் தெரியாத இடத்தில் அறிஞர்கள் தொண்டையைச் செருமுவார்கள். சேற்றுக்குத் தொண்டையும் இல்லை.

கெளுத்தி முட்டையிட்டது. முட்டைகள்மேல் ஒரு துகளும் எழும்பிப் படியாதபடி சேறு அசையாமல் கிடந்தது. கெளுத்தியோ, பிள்ளைகளுக்குப் புதுத் தண்ணீர் படட்டும் என்று, தன் குலவழக்கப்படி வாலால் விசிறத் தொடங்கியது.